திருவருகைக் காலச் செபம்: ஷிப்டு வேலை வீட்டில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

ஓசூர்க்காரன் கேட்கிறார்:

எல்லாருக்கும் இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

2025 நவம்பர் 30, ஞாயிறு அன்று திருவருகைக் காலம், அதாவது கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் நான்கு ஞாயிறுகளின் காலம், தொடங்குகிறது. அதற்குள் எங்கள் வீட்டுப் பஞ்சாயத்து ஒன்று தீர வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

நான் தொழிற்சாலையில் மூன்று ஷிப்டும் பார்க்கிறவன். வாரத்துக்கு வாரம் மாறும். மனைவி செவிலியர், அவருக்கும் இரவுப் பணி உண்டு. மகள் ஐந்தாம் வகுப்பு, மகன் யூகேஜி. சொந்த ஊர் வடக்கன்குளம் பக்கம். அப்பா போன பிறகு அம்மா எங்களோடு ஓசூருக்கு வந்துவிட்டார்.

அம்மாவுக்குச் செபம் என்றால் ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை. முடிந்ததும் மாதா மன்றாட்டுமாலை. அதற்கும் பிறகு இறந்துபோன ஒவ்வொருவர் பேரையும் சொல்லி ஒரு பரலோக மந்திரம். ‘சுவாமி கிருபையாயிரும்’ என்று அவர் தொடங்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் மகன், ‘தாவீது ராஜாவின் உப்பரிகையே’ வரும்போது சுவரில் சாய்வான். ‘விடியற்காலத்தின் நட்சத்திரமே’ வருவதற்குள் பாயில் கிடப்பான். எழுப்பினால் அழுகை. அழுதால் அம்மாவுக்குக் கோபம்.

மனைவி வளர்ந்தது பெங்களூரில். அவர்கள் வீட்டில் பச்சை வளையம் வைத்து, வாரம் ஒன்றாக நான்கு மெழுகுதிரி ஏற்றுவார்கள். அதோடு ஈசாய் மரம் (இயேசுவின் முன்னோர் கதைப் படங்களைத் தொங்கவிடும் கிளை), நாளுக்கொரு கதவு திறக்கும் அட்டை நாள்காட்டி, பிள்ளை செய்யும் நற்செயலுக்கொரு வைக்கோலைக் குடில் தொட்டியில் போடுவது என்று இணையத்தில் பார்த்ததையெல்லாம் பிள்ளைகளுக்குச் செய்துகாட்ட ஆசைப்படுகிறார். அம்மாவோ, “இதெல்லாம் யார் கொண்டுவந்தது? உங்க தாத்தா இதெல்லாம் இல்லாமலா கிறிஸ்துமஸ் கண்டார்?” என்கிறார். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

வளையம் வைக்கலாமா, கூடாதா? சாமியார் வந்து மந்திரிக்க (ஆசீர்வதிக்க) வேண்டுமா? செபமாலையைக் குறைத்தால் தவறா? ஐந்து பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருப்பதே அபூர்வம் என்கிறபோது ‘குடும்பச் செபம்’ என்று எதைச் சொல்வது? டிசம்பர் முதல் தேதியே அடுக்குமாடி முழுக்க நட்சத்திரமும் பாட்டுமாக இருக்கும்போது ‘காத்திருப்பு’ என்று பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது?

குவைத் சகோதரி:

அண்ணா, கடைசிக்கு முந்திய கேள்விக்கு மட்டும் என் பதில். என் கணவரும் பிள்ளையும் ஊரில், மாமியாரோடு இருக்கிறார்கள். நான் இங்கே. தினமும் இங்கே மாலை ஆறு, அங்கே இரவு எட்டரை. வாட்ஸ்அப்பில் கூப்பிடுவார்கள். போனைப் பீடத்தில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிடுவார்கள். எனக்குத் தெரிவது பெரும்பாலும் மின்விசிறிதான்; குரல் போதும். செபமாலையில் ஒரு பத்து மணியை நான் சொல்வேன், மீதியை அவர்கள் சொல்வார்கள். எனக்கு வேலை இருக்கும் நாளில் அவர்கள் எனக்காக நிறுத்துவதில்லை. அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். ஒருவருக்காகத் தள்ளிவைக்கத் தொடங்கினால் அப்புறம் எல்லாருக்காகவும் தள்ளிப்போகும்.

இங்கே வெள்ளிதான் விடுமுறை. ஞாயிறு பூசையையே நாங்கள் வெள்ளிக்கிழமை காண்கிறோம். அதனால் என் அறையில் மெழுகுதிரியும் வெள்ளியன்றே ஏறும். மகன் ஊரில் ஏற்றுவதற்கு இரண்டு நாள் முன்னால். அவனுக்கு அதில் பெரிய பொறாமை.

நாகர்கோவில் டீச்சர் (பணி ஓய்வு):

தம்பி, முதலில் உங்கள் அம்மாவுக்கு என் தோத்திரம் சொல்லுங்கள்.

வளையத்தைப் பற்றி அவர் கேட்பது நியாயமான கேள்வி. அது நம் ஊர் வழக்கம் இல்லை. கத்தோலிக்க வழக்கமாகக்கூடப் பிறக்கவில்லை. 1839-இல் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய விக்கெர்ன் என்ற லூத்தரன் போதகர் தொடங்கியது. ‘கிறிஸ்துமஸ் எப்போது, எப்போது’ என்று பிள்ளைகள் நச்சரித்ததால், பழைய வண்டிச் சக்கரம் ஒன்றில் ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுதிரி நான்கு, மற்ற நாள்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுதிரிகள் என்று வைத்து நாளுக்கொன்றாக ஏற்றினாராம். ஜெர்மானியக் கத்தோலிக்கர் அதை எடுத்துக்கொள்ள 1920-கள் ஆயின. ஆனால் அம்மா வருடாவருடம் ஆசையாகக் கட்டும் குடில் மட்டும் என்ன? அதுவும் 1223-இல் அசிசி பிரான்சிஸ் இத்தாலியில் கிரேச்சியோ என்ற மலையூரில் செய்துகாட்டிப் பரவியதுதான். வடக்கன்குளத்துக்கு அதுவும் ஒரு நாள் புதிதாகத்தான் வந்திருக்கும். இந்த ஒன்றை அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். மனைவியிடமும் ஒன்று சொல்லுங்கள்: வளையம் இல்லாத வீட்டுக்கு எந்தக் குறையும் இல்லை.

வைப்பதென்றால் பிளாஸ்டிக் வேண்டாம். மண்தட்டில் மணலைக் கொட்டி, நான்கு மெழுகுதிரியை ஊன்றி, சுற்றிலும் பச்சைத் தழை வையுங்கள். நாங்கள் சவுக்குத் தழை வைப்போம். காய்ந்த சவுக்கு பொறி பட்டாலே பிடித்துக்கொள்ளும். ஞாயிறுதோறும் மாற்றிவிட வேண்டும். ஊதா மெழுகுதிரிக்காகக் கடை கடையாக அலையாதீர்கள். வெள்ளைத் திரியின் அடியில் ஊதா நாடா கட்டினால் ஆயிற்று. மூன்றாம் ஞாயிறு, டிசம்பர் 14, மகிழ்ச்சி ஞாயிறு. அதற்கு மட்டும் ரோஜா நிற நாடா. முதல் ஞாயிறு பூசைக்கு எடுத்துப் போனால் சாமியார் மந்திரித்துத் தருவார். முடியாவிட்டால் வீட்டில் உள்ளவரே செபித்து ஆசி வேண்டலாம். திருச்சபையின் ஆசி நூலிலேயே அதற்கு வழி இருக்கிறது. அந்தச் செபத்தை உங்கள் அம்மாவையே சொல்லச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவர் அந்த வளையத்தை எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார். நான் மூன்று மருமகள்களோடு இருப்பவள், எனக்குத் தெரியும்.

ஈசாய் மரம், அட்டைக் கதவு எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் வைக்காதீர்கள். நற்செயலுக்கொரு வைக்கோல் என்பது பலருக்குப் பிடித்த வழக்கம், எனக்கு ஒட்டவில்லை. மறைக்கல்வி வகுப்பில் ஒருமுறை வைத்தோம். இரண்டாம் வாரமே ‘எனக்கு இத்தனை, உனக்கு எத்தனை’ என்று பிள்ளைகள் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஒருவன் வைக்கோலை வீட்டிலிருந்தே கட்டாகக் கொண்டுவந்தான்.

செபமாலைக்கு வருவோம். யூகேஜி பிள்ளைக்கு ஐம்பத்துமூன்று மணி தண்டனை. அம்மாவுக்கோ அதுதான் மூச்சு. இரண்டையும் கலக்காதீர்கள். மெழுகுதிரி ஏற்றுங்கள், அன்றைய நற்செய்தியை மகள் வாசிக்கட்டும், ஒரே ஒரு பத்து மணி எல்லாருமாகச் சொல்லுங்கள், பிள்ளைகள் பெரியவர்களுக்குத் தோத்திரம் சொல்லி நெற்றியில் சிலுவை வாங்கிக்கொண்டு சாப்பிடப் போகட்டும். அம்மா அங்கேயே உட்கார்ந்து மீதி நான்கு பத்தையும் மன்றாட்டுமாலையையும் தம் விருப்பம்போல் சொல்லட்டும். பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டே வளர்கிற பிள்ளைக்கு அது தானாக மனப்பாடம் ஆகும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

மகளை வாசிக்கச் சொல்வது அழகுக்காக அல்ல. முத்துக்குளித்துறையில் சவேரியார் செய்தது அதைத்தான். விசுவாசப் பிரமாணத்தையும் மந்திரங்களையும் தமிழில் மனப்பாடம் செய்துகொண்டு முதலில் சிறுவர்களைத்தான் பிடித்தார். கற்றதை வீட்டில் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கற்பிக்கும்படி அவர்களிடம் சொன்னதாக 1544-இல் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே குறிப்பிடுகிறார். உங்கள் அம்மாவின் மந்திரங்கள் அந்தப் பக்கத்துக் கடற்கரைகளுக்கு முதலில் பிள்ளைகள் வாய்வழியாகத்தான் போயிருக்கின்றன.

சவேரியார் பேர் வந்துவிட்டதால் ஒன்று. எங்களுக்குத் திருவருகைக் காலம் ஒருநாளும் அமைதியாகத் தொடங்கியதில்லை. எங்கள் நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா நவம்பர் 24 முதல் டிசம்பர் 3 வரை. ஒலிபெருக்கி, தேர், பலூன், வளையல் கடை, மூன்றாம் தேதி மாவட்டத்துக்கே விடுமுறை. நடுவே முதல் ஞாயிறு வந்துவிடும். நாங்கள் மெழுகுதிரியை ஏற்றிவைத்து, செபித்து, அணைத்துவிட்டுத் திருவிழாவுக்குக் கிளம்புவோம். அதனால் உங்கள் அடுக்குமாடி நட்சத்திரங்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நட்சத்திரத்தை நீங்களும் கட்டுங்கள். கேரல் வந்தால் கதவைத் திறங்கள். தாத்தா வேடம் போட்டவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள், அந்த முகமூடிக்குள் அவன் வெந்துகொண்டிருப்பான். வீட்டுக்குள் ஒரே ஒரு பிடிவாதம் போதும்: குடிலில் பாலன் சுரூபம் 24 இரவு வரை கிடையாது. மாடும் கழுதையும் ஒரு வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். ‘பாப்பா எங்கே?’ என்று மகன் கேட்பான். காத்திருப்பு பற்றி அதற்குமேல் அவனுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

ஷிப்டு விஷயம். ஆளுக்காக நேரத்தை மாற்றாதீர்கள். குவைத்தில் இருக்கும் பிள்ளை சொன்னது சரி. இரவு ஏழரை என்றால் ஏழரை. அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் மட்டும் இருந்தாலும் அது குடும்பச் செபம்தான். வேலையில் இருப்பவர்களுக்கு மூவேளைச் செபம் இருக்கிறது. காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு. பாதி உங்கள் ஷிப்டு மணியோடே ஒத்துப்போகும். இரண்டு நிமிடம் ஆகாது. ‘ஆண்டவரின் தூதர் மரியாவுக்குத் தூதுரைத்தார்’, ‘இதோ ஆண்டவரின் அடிமை’, ‘வாக்கு மனிதர் ஆனார்’: இந்தக் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான செபம் எது? இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ளலாம். உங்கள் மனைவியும் வார்டில் சொல்லட்டும். அதே ஆறு மணிக்கு வீட்டில் அம்மா சொல்வார். மூன்று இடத்தில் ஒரே செபம்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. மற்றதெல்லாம் விட்டுப்போனாலும் டிசம்பர் 17 முதல் 24 வரையிலான எட்டு நாளை விடாதீர்கள். அந்த நாள்களின் நற்செய்தி வாசகங்கள் ஒரே தொடர்கதை. 17 அன்று மத்தேயுவின் தலைமுறை அட்டவணை. 18 யோசேப்பின் கனவு. 19 செக்கரியா ஆலயத்தில் வாயடைத்துப்போவது. 20 கபிரியேல் நாசரேத்துக்கு வருவது. 21 மரியா மலைநாட்டுக்கு விரைந்து எலிசபெத்தைக் காண்பது. 22 மரியாவின் பாடல். 23 யோவான் பிறந்து, செக்கரியா பலகையில் பேரை எழுதி, நாக்கு கட்டவிழ்வது. 24 செக்கரியாவின் பாடல். இவ்வளவு ஒழுங்காகத் திருச்சபை நம் கையில் கொடுத்திருக்கும்போது, அட்டைக் கதவுக்குள் சாக்லேட் தேட வேண்டியதில்லை.

பதினேழாம் தேதி பட்டியலைச் சலிப்பு என்று தாண்டிவிடாதீர்கள். என் பேரப்பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்த நாள். பேர்களை ஆளுக்கொன்றாக உரக்க வாசிப்பார்கள். ‘செருபாபேல்’ வந்தால் சிரிப்பு அடங்க நேரம் ஆகும். ஆண்களாகவே போய்க்கொண்டிருக்கும் வரிசையில் தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி என்று நான்கு பெண்கள் வருகிற இடத்தில் நிறுத்தச் சொல்வேன். மூத்தவளுக்கு இப்போது வயது வந்துவிட்டது, ‘உரியாவின் மனைவிக்குப் பேர் இல்லையா?’ என்று போன வருடம் கேட்டாள். நல்ல கேள்வி. சாமுவேல் புத்தகத்தை எடுத்து வாசித்தோம். அன்று சாப்பாடு தாமதம். மரியா வந்ததும் பட்டியல் முடியும். அதோடு எங்கள் குடும்பத்து முன்னோர் பேரையும் தெரிந்தவரை சொல்வோம். உங்கள் அம்மா இறந்தவர் பேர் சொல்லிச் செபிக்கிறாரே, அதை அந்த நாளில் இதோடு சேர்த்துவிடுங்கள். பிறகு யாருக்கும் அது நீளமாகத் தோன்றாது.

அந்த எட்டு நாளுக்கு இன்னொரு கைவேலை. 13-ஆம் தேதி வாக்கில் சிரட்டையில் தேங்காய் நார்த்தூளும் மணலும் போட்டுக் கேழ்வரகு விதைத்துவிடுங்கள். குரோவாசியாவிலும் ஹங்கேரியிலும் புனித லூசியா திருநாளான அதே 13-இல்தான் கிறிஸ்துமஸுக்குக் கோதுமை விதைப்பார்களாம்; நம் கேழ்வரகுக்கும் கணக்கு சரியாக வருகிறது. இரவு செபம் முடிந்ததும் மகன் தண்ணீர் தெளிக்க வேண்டும், அது அவன் வேலை. 24-க்குள் விரல் உயரம் பச்சையாக நிற்கும். குடிலுக்குப் புல் அதுதான்.

குருமட மாணவன்:

டீச்சர் சொன்னதற்குமேல் அதிகம் இல்லை. சில திருத்தங்கள், சேர்க்கைகள்.

இந்த ஆண்டு டிசம்பர் 21 ஞாயிறாக வருகிறது. ஆகவே கோயிலில் அன்று நான்காம் ஞாயிறின் வாசகம், மத்தேயு 1:18-24, அதாவது 18-ஆம் தேதி வாசித்த யோசேப்பின் கனவே மறுபடியும் வரும். எலிசபெத்தைச் சந்திக்கும் பகுதியை வீட்டில் நீங்களாகவே வாசித்துக்கொள்ளுங்கள்: லூக்கா 1:39-45. இல்லாவிட்டால் கதையில் ஒரு படி விட்டுப்போகும்.

இரண்டாவது, இது ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் போன்றது அல்ல. ஞாயிறு பூசையில் ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாடல் இல்லை, பீடத்தில் ஊதா, உண்மைதான். ஆனால் அல்லேலூயா விடப்படுவதில்லை. பிள்ளைகளிடம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ‘பாட்டு வேண்டாம், இனிப்பு வேண்டாம்’ என்று கண்டிப்பு காட்டத் தேவையில்லை. வாரம் நான்குக்கும் எதிர்நோக்கு, அமைதி, மகிழ்ச்சி, அன்பு என்று பேர் வைப்பதும் வழிபாட்டுச் சட்டம் அல்ல, பலர் பின்பற்றும் வழக்கம், பிடித்தால் சொல்லுங்கள்.

மூன்றாவது, ஓசூர் அண்ணனின் அம்மாவுக்கு. ‘திருவருகைக் காலத்தில் மாதா செபமா?’ என்று யாராவது கேட்டால், திருத்தந்தை ஆறாம் பவுல் 1974-இல் வெளியிட்ட ‘மரியாலிஸ் குல்துஸ்’ மடல் இந்தக் காலத்தை ஆண்டவருடைய தாய்க்கு வணக்கம் செலுத்த மிகவும் பொருத்தமான காலம் என்றே சொல்கிறது. டிசம்பர் 8 அமல உற்பவப் பெருவிழாவும் இதற்குள்தான் வருகிறது. செபமாலையில் எந்த நாளில் எந்த மறையுண்மையை (தியானிக்கும் நிகழ்வை) எடுப்பது என்பதில் பாவம் கட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை; பழைய முறையில் திருவருகைக் கால ஞாயிறுகளில் மகிழ்ச்சி மறையுண்மைகளையே சொல்வார்கள். ஒரே பத்து மணி என்றால் வானதூதர் மங்கள வார்த்தை சொன்னதையோ, மரியா எலிசபெத்தைச் சந்தித்ததையோ எடுத்துக்கொள்ளலாம்.

மகள் கொஞ்சம் பெரியவள் என்பதால் இதையும் முயன்று பாருங்கள். 17 முதல் 23 வரை திருச்சபையின் மாலைப் புகழில் மரியாவின் பாடலுக்கு முன்னே ‘ஓ’ என்று தொடங்கும் ஏழு முன்மொழிகள் வரும். ஓ ஞானமே, ஓ ஆண்டவரே, ஓ ஈசாயின் வேரே, ஓ தாவீதின் திறவுகோலே, ஓ விடியலே, ஓ மக்களினங்களின் அரசரே, ஓ இம்மானுவேலே. ஒவ்வொன்றும் ‘வாரும்’ என்ற வேண்டுதலில் முடியும். நாளுக்கு ஒன்று, ஒரே வாக்கியம். ஈசாய் மரம் வேண்டும் என்கிற அண்ணியாருக்கும் இதில் பங்கு உண்டு: ஏழு துண்டு அட்டையில் வேர், திறவுகோல், சூரியன் என்று மகளை வரையச் சொல்லி ஒரு கிளையில் தொங்கவிடலாம். பாட்டியின் ‘விடியற்காலத்தின் நட்சத்திரமே’ 21-ஆம் தேதியின் ‘ஓ விடியலே’க்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஓசூர்க்காரன்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு அம்மாவுக்கு இதை முழுவதும் வாசித்துக் காட்டினேன். வளையத்துக்குத் தாமே செபம் சொல்ல வேண்டும் என்ற இடத்தில் “சரி, பார்ப்போம்” என்றார். அவர் அகராதியில் அது சம்மதம். ஆனால் ஒரு நிபந்தனை: பிள்ளைகள் எழுந்துபோன பிறகு தாம் சொல்கிற மன்றாட்டுமாலைக்கு யாரும் டிவி போடக்கூடாது. மனைவி ஒப்புக்கொண்டார். மகள் ஏழு அட்டைக்கும் இப்போதே தாள் வெட்டத் தொடங்கிவிட்டாள். முதல் வாரம் எனக்கு இரவு ஷிப்டு என்பதால் ஏழரைக்கு வீட்டில் இருப்பேன். மூன்றாம் வாரம்தான் இடிக்கும், மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கும் ஷிப்டு. அந்த வாரம் மாலை ஆறு மணி மூவேளைச் செபம் என் பங்கு.

டீச்சர், கேழ்வரகுக்கு இங்கே பஞ்சமே இல்லை, தெருவுக்குத் தெரு கிடைக்கும். ஊறவைத்து விதைக்க வேண்டுமா, அப்படியே தூவலாமா? வெயிலில் வைப்பதா? ஓசூர் டிசம்பர் குளிர் உங்களுக்குத் தெரிந்ததே.

நாகர்கோவில் டீச்சர் (பணி ஓய்வு):

ஒரு இரவு ஊறினால் போதும், தம்பி. கூடுதலாக ஊறினால் புளித்து நாறும். நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிசாக மணல் போட்டு, முளை காட்டும்வரை ஈரத் துணியால் மூடிவைக்கவும். பிறகு ஜன்னல் ஓரம். உங்கள் குளிருக்கு 13 வரை காத்திருக்க வேண்டாம், 10-ஆம் தேதியே விதைத்துவிடுங்கள். கடையில் மாவுக்கென்று விற்கும் தானியம் சிலசமயம் முளைக்காது. விதைக் கேழ்வரகு என்று கேட்டு வாங்கவும். மகனுக்குத் தண்ணீர் தெளிக்கக் கிண்ணத்தைக் கொடுக்காதீர்கள், முழுவதும் ஊற்றிவிடுவான். கையை நனைத்து உதறச் சொல்லுங்கள்.